உடல் தன் வெப்பத்தைக் காக்கும் விதம்

சித்திரை மாதத்து முற்பகலில் உடுமலைப்பேட்டையில் பேருந்து ஏறிக் காந்தலூர் செல்லும் ஒருவர், சில மணி நேரத்துக்குள் மூன்று வேறு சீதோஷ்ண நிலைகளைக் கடந்துவிடுகிறார். அமராவதி அணையை ஒட்டிய சமவெளியில் அனல் காற்று வீசுகிறது. சோதனைச் சாவடியைத் தாண்டிச் சின்னாறு சரணாலயத்துள் நுழைந்ததும் மழைமறைவுப் பகுதிக்கே உரிய முட்காடும் வறண்ட வெயிலும் எதிர்ப்படுகின்றன. மறையூரில் கரும்புத் தோட்டங்களும் சந்தன மரங்களும் தோன்றும்போது வெயிலின் கடுமை சற்றுத் தணிகிறது. கோவில்கடவைக் கடந்து மேலேறிக் காந்தலூரை அடைகையில், மாலை நேரமாயின், தோளில் ஒரு துண்டைப் போர்த்திக்கொள்ளத் தோன்றுகிறது.

உடுமலைப்பேட்டை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 370 மீட்டர் உயரத்தில் உள்ளது; காந்தலூரோ 1,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. 1,000 மீட்டர் ஏறுவதற்குக் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி சென்டிகிரேடு குறைகிறது. ஆகவே இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே உயரத்தின் காரணமாக மட்டும் 7 டிகிரிக்கு மேற்பட்ட வேறுபாடு இருத்தல் இயல்பு. ஆயினும் அப்பயணியின் நாவின் கீழ் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தால், புறப்பட்ட இடத்திலும் சேர்ந்த இடத்திலும் அது ஏறக்குறைய ஒரே அளவைத்தான் காட்டும். வெளியுலகு எவ்வளவு மாறினும் உடலின் உள்வெப்பம் மாறாமல் காக்கப்படுகிறது. இக்காவல் எவ்வாறு நடைபெறுகிறது, எப்போது தவறுகிறது என்பதை அறிந்துகொள்வது, மலையிலும் சமவெளியிலும் மக்களிடையே பணியாற்றுவோர்க்கு ஓர் உயிரைக் காக்கும் அறிவாகக்கூடும்.

37 டிகிரி என்னும் அளவு

உடலின் இயல்பான வெப்பநிலை 37 டிகிரி என்பதை உலகறியச் செய்தவர் கார்ல் உண்டர்லிக் என்னும் ஜெர்மன் மருத்துவர். லைப்சிக் நகரில் சுமார் 25,000 நோயாளிகளின் வெப்பநிலையைத் திரும்பத் திரும்ப அளந்து, 1868-இல் அவர் தம் நூலை வெளியிட்டார். பிற்கால அளவைகள் சராசரி சற்றுக் குறைவு என்று காட்டுகின்றன; 1992-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வின்படி அது 36.8 டிகிரி ஆகும். உண்மையில் இவ்வளவு ஒரு நாளைக்குள்ளேயே ஏறி இறங்குவது. விடியற்காலையில் மிகக் குறைவாகவும், பிற்பகல் கழிந்து மாலையில் மிகுதியாகவும் இருக்கும். இரண்டிற்கும் இடையே அரை டிகிரி அளவு வேறுபாடு உண்டு.

37 டிகிரி என்பது மூளை, இதயம், ஈரல் முதலிய உள்ளுறுப்புகளின் வெப்பமாகும். கைகால்களின் தோலுக்கு இவ்விதி பொருந்தாது. தோலின் வெப்பநிலை சாதாரணமாக 33 டிகிரியை ஒட்டியிருக்கும். குளிரில் விரல் நுனிகள் இதற்கு வெகு கீழே சென்றுவிடும். வீட்டைச் சுற்றி எழுப்பிய மதிலைப் போன்றது தோல். மதில் வெயிலில் காய்ந்தாலும் மழையில் நனைந்தாலும் வீட்டினுள் இருப்போருக்கு இடர் நேராமல் இருப்பதே முக்கியம்.

உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் குளிரால் விளையும் ஆபத்து தொடங்குகிறது. அது 40 டிகிரியைத் தாண்டி, அத்துடன் அறிவும் தடுமாறுமாயின் உயிருக்கே ஆபத்து. மனித வாழ்வு முழுவதும் இந்த ஐந்து டிகிரி இடைவெளிக்குள் அடங்கியிருக்கிறது.

வெப்பத்தை உணரும் நரம்பு முனைகள்

ஒரு பொருளைக் காக்க வேண்டுமாயின் முதலில் அதன் நிலையை அறிய வேண்டும். தோல் முழுவதிலும் நுண்ணிய நரம்பு முனைகள் பரவியுள்ளன. அவற்றுள் சில குளிர்ச்சியையும் சில வெம்மையையும் உணர்வன. தோலில் குளிரை மட்டும் உணரும் புள்ளிகளும் வெம்மையை மட்டும் உணரும் புள்ளிகளும் தனித்தனியே உள்ளன என்பதை 1880-களில் ஸ்வீடன் நாட்டு மாக்னஸ் பிளிக்ஸ் கண்டறிந்தார். குளிர்ப் புள்ளிகளே எண்ணிக்கையில் மிகுதி.

ஆனால் வெப்பம் என்னும் பௌதிகப் பண்பு எவ்வாறு நரம்பில் ஓடும் மின் துடிப்பாக மாறுகிறது என்பது நெடுங்காலம் விளங்காமலே இருந்தது. இதற்கு விடை காண உதவியது நம் சமையலறையில் உள்ள மிளகாய். மிளகாயைக் கடித்தால் வாய் எரிகிறது, வியர்க்கிறது. நாவிலோ நெருப்பு இல்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ நிலையத்தில் டேவிட் ஜூலியஸ் என்பவரும் அவருடைய குழுவினரும், மிளகாயின் காரப் பொருளான காப்சைசின் எந்தப் புரதத்தின் மீது செயற்படுகிறது என்று தேடி, 1997-இல் அதைக் கண்டுபிடித்தனர். டிஆர்பிவி-1 எனப் பெயரிடப்பட்ட அப்புரதம் நரம்பு உயிரணுவின் சுவரில் அமைந்த ஒரு நுண்வாயில். ஏறத்தாழ 43 டிகிரி வெப்பத்தில் அவ்வாயில் திறந்துகொள்கிறது, அவ்வழியே கால்சியம், சோடியம் முதலிய அயனிகள் உட்புகுகின்றன, நரம்பு துடிக்கிறது. அதே வாயிலைக் காப்சைசினும் திறந்துவிடுகிறது. ஆகவே மிளகாயின் எரிச்சலும் சுடுநீரின் எரிச்சலும் மூளைக்கு ஒரே வழியாகச் சென்று சேரும் செய்திகளாகும்.

இதே முறையில், புதினா வகைச் செடிகளில் உள்ள மென்தால் என்னும் பொருளைக் கருவியாகக் கொண்டு, குளிர்ச்சியை உணரும் டிஆர்பிஎம்-8 என்னும் வாயிலை 2002-இல் ஜூலியஸும், ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஆர்டெம் பட்டபூட்டியனும் தனித்தனியே கண்டறிந்தனர். தலைவலித் தைலத்தைப் பூசியதும் நெற்றி குளிர்வதுபோல் தோன்றுவதன் காரணம் இதுவே. நெற்றியின் வெப்பநிலை பெரிதும் மாறுவதில்லை. தொடுவுணர்வு பற்றிய கண்டுபிடிப்புகளையும் சேர்த்து இவ்விருவருக்கும் 2021-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

காந்தலூர் விவசாயிகள் நன்கறிந்த ஓர் உதாரணமும் உண்டு. அங்கு விளையும் வெள்ளைப்பூண்டைப் பச்சையாக நசுக்கித் தோலில் வைத்தால் எரிகிறது. பூண்டிலிருந்து வெளிப்படும் அல்லிசின் என்னும் பொருள் மேற்கூறிய வெப்ப வாயிலையும் அதன் இனத்தைச் சேர்ந்த மற்றொரு வாயிலையும் திறப்பதே காரணம் என 2005-இல் ஆராய்ச்சியாளர் காட்டினர். சமைத்த பூண்டில் இக்காரம் இராது.

தோலின் உணர்வு ஒரு வெப்பமானிக்கு ஈடாகாது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். தை மாத விடியலில் மண்வெட்டியை எடுப்பவருக்கு இரும்புப் பகுதி சில்லென்றும் மரக்காம்பு அவ்வளவு குளிர்ச்சியின்றியும் தோன்றும். இரண்டும் ஒரே இடத்தில் இரவெல்லாம் கிடந்தவை; வெப்பநிலையில் வேறுபாடில்லை. இரும்பு கையின் வெப்பத்தை விரைந்து கடத்திச் செல்வதால் தோல் விரைவில் குளிர்கிறது. வெப்பம் எவ்வளவு வேகமாக வருகிறது, போகிறது என்பதைத் தோல் மிக நுட்பமாக உணர்கிறது. நிலையான அளவை விரைவில் மறந்துவிடுகிறது. காய்ச்சல் உண்டா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதோடு நின்றுவிடலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

மூளையில் உள்ள நடுநிலையம்

தோலிலிருந்து வரும் செய்திகள் முதுகுத்தண்டின் வழியே மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதியைச் சென்றடைகின்றன. இப்பகுதியிலேயே, தன்னூடே பாயும் இரத்தத்தின் வெப்பத்தை உணரும் நரம்பணுக்களும் உள்ளன. முதுகுத்தண்டிலிருந்தும் வயிற்றினுள் உள்ள உறுப்புகளிலிருந்தும் வேறு செய்திகள் வருகின்றன. இவையனைத்தையும் ஒருங்கு சேர்த்து, உடல் காக்க வேண்டிய வெப்பநிலையுடன் ஒப்பிட்டு, ஹைப்போதலாமஸ் ஆணை பிறப்பிக்கிறது. அவ்வாறு காக்க வேண்டிய அளவைக் குறிநிலை எனலாம்.

வெளிச்செய்தி தோலிலிருந்தும் உட்செய்தி இரத்தத்திலிருந்தும் வருவதால் ஒரு நன்மை உண்டு. காந்தலூரில் இறங்கும் பயணியின் முகத்தில் குளிர்காற்று பட்டவுடனே, உள்வெப்பம் சிறிதும் குறையுமுன்பே, உடல் தற்காப்பைத் தொடங்கிவிடுகிறது. துண்டைப் போர்த்திக்கொள்ளத் தோன்றுவதும் அத்தற்காப்பின் ஒரு பகுதியே. நிழலை நாடுதல், போர்த்துதல், விசிறுதல், நீர் பருகுதல் என மனிதன் வேண்டுமென்றே செய்யும் செயல்களே உடல் வெப்பத்தைக் காக்கும் முறைகளுள் மிக வலிமை வாய்ந்தவை.

வெப்ப வரவு செலவு

ஓய்வாக அமர்ந்திருக்கும் மனிதனின் உடல் மணிக்கு ஏறத்தாழ 70 கிலோகலோரி வெப்பத்தை உண்டாக்குகிறது. இது பழைய குண்டு பல்பு ஒன்று வெளியிடும் வெப்பத்துக்குச் சமானம். உழைக்கும்போது தசைகள் செலவிடும் சக்தியில் நான்கில் ஒரு பங்கே வேலையாகிறது, மீதி வெப்பமாகிறது. மண் வெட்டுதல், மூட்டை தூக்கி மேடேறுதல் போன்ற கடும் வேலையில் மணிக்கு 300 கிலோகலோரி அல்லது அதற்கு மேலும் வெப்பம் பிறக்கும். 60 கிலோகிராம் எடையுள்ள உடலை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 50 கிலோகலோரி போதும். ஆகவே வெப்பம் சிறிதும் வெளியேறாவிட்டால், உழைக்கும் மனிதனின் உடல் ஒரு மணி நேரத்தில் 5 டிகிரிக்குக் குறையாமல் சூடேறிவிடும். அது உயிர் தாங்கக்கூடிய அளவன்று.

செலவு நான்கு வழிகளில் நடைபெறுகிறது. உடல் தன்னிலும் குளிர்ந்த பொருள்களை நோக்கி வெப்பக் கதிர்களை வீசுகிறது. தொடும் பொருள்களுக்குக் கடத்தலால் வெப்பத்தை அளிக்கிறது. மேலே படும் காற்றுச் சலனத்தால் வெப்பத்தை இழக்கிறது. வியர்வை ஆவியாவதாலும் இழக்கிறது. சுற்றுப்புறம் தோலைவிடக் குளிர்ந்திருக்கும் வரையில்தான் முதல் மூன்று வழிகளும் பயன்படும். காற்று 35 டிகிரியைத் தாண்டிவிட்டால் அவை எதிர்த்திசையில் செயற்பட்டு உடலைச் சூடாக்குகின்றன. மறையூரில் கருப்பஞ்சாறு கொதிக்கும் கொப்பரையின் அருகே நின்று வெல்லம் காய்ச்சுபவர் இதை நன்கு உணர்வார். அடுப்பின் கதிர்வீச்சு ஒருபுறமும் சாற்றின் நீராவி மறுபுறமும் அவரைத் தாக்குகின்றன. இத்தகைய நிலையில் எஞ்சியிருக்கும் ஒரே வழி வியர்வையாகும்.

தோல் இரத்தக்குழாய்களின் பங்கு

வெப்பம் மிகும்போது ஹைப்போதலாமஸின் ஆணைப்படி தோலில் உள்ள இரத்தக்குழாய்கள் விரிகின்றன. சாதாரண நிலையில் தோலுக்குச் செல்லும் இரத்தம் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேற்படாது. கடும் வெப்பத்தில் அது 6 முதல் 8 லிட்டர் வரை உயரக்கூடும். உள்ளே பிறந்த வெப்பத்தை இரத்தம் சுமந்து வந்து தோலில் இறக்குகிறது. இதற்காக இதயம் மிகுந்த பளுவைச் சுமக்க வேண்டியிருக்கிறது. வெப்ப அலைக் காலத்தில் இறப்போருள் பலர் இதய நோயாளிகளாக இருப்பதன் காரணம் இங்கே விளங்கும்.

வியர்வையின் வலிமையும் எல்லையும்

மனிதத் தோலில் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை உடலிலிருந்து கொண்டுபோகும். மேலே கூறிய 300 கிலோகலோரியை வெளியேற்ற மணிக்கு அரை லிட்டருக்குச் சற்று மேற்பட்ட வியர்வை ஆவியானாலே போதும். ‘ஆவியானால்’ என்பதைக் கவனிக்க வேண்டும். நெற்றியிலிருந்து சொட்டித் தரையில் விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. அது வீணான நீரும் வீணான உப்புமாகும்.

1775-ஆம் ஆண்டு லண்டனில் சார்லஸ் பிளாக்டன் என்னும் மருத்துவர் தம் நண்பர்களுடன், நீர் கொதிக்கும் நிலைக்கும் மேலாகச் சூடேற்றிய ஓர் அறையினுள் சில நிமிட நேரம் இருந்து பார்த்தார். அவ்வறையில் வைத்த முட்டையும் இறைச்சியும் வெந்துபோயின; மனிதர்களோ தீங்கின்றி வெளிவந்தனர். அறையின் காற்று உலர்ந்திருந்ததால் வியர்வை உடனுக்குடன் ஆவியாயிற்று. ஈரம் மிகுந்த காற்றில் இத்தகைய சோதனைக்கு இடமேயில்லை.

காற்றின் ஈரத்தையும் வெப்பத்தையும் ஒருங்கே அறிய ஈரக்குமிழ் வெப்பமானி உதவும். குமிழில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானியே அது. காற்று 40 டிகிரி வெப்பமும் 20 சதவீத ஈரப்பதமும் கொண்டிருந்தால், ஈரக்குமிழ் ஏறத்தாழ 23 டிகிரி காட்டும். காற்று 34 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் கொண்டிருந்தால், அது 30 டிகிரி காட்டும். முன்னதே அதிக வெயிலாகத் தோன்றினும், வியர்வையின் கண்ணோட்டத்தில் பின்னதே கொடியது. ஈரக்குமிழ் 35 டிகிரியை எட்டினால் எவ்வளவு நலமுள்ளவரும் பல மணி நேரம் தாங்க இயலாது என்று 2010-இல் கணக்கிட்டனர். பின்னர் 2022-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் இளைஞர்களைக் கொண்டு நடத்திய சோதனைகள், ஈரக்காற்றில் 31 டிகிரியை ஒட்டியே உடலின் சமநிலை குலையத் தொடங்குகிறது என்று காட்டின. எல்லை நாம் எண்ணியதைவிட அருகிலேயே உள்ளது.

குளிரில் நிகழ்வது யாது?

குளிரில் ஆணைகள் நேர்மாறாகின்றன. தோலின் இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, விரல்கள் வெளுக்கின்றன. மயிர் சிலிர்க்கிறது, அடர்ந்த மயிருள்ள விலங்குகளுக்கு இது காற்றைச் சிறைப்படுத்தும் போர்வையாகும், மனிதனுக்கோ முன்னோர் விட்டுச்சென்ற ஓர் எச்சம் மட்டுமே. இவை போதாவிடில் தசைகள் நடுங்குகின்றன. நடுக்கத்தால் வெப்ப உற்பத்தி பல மடங்கு உயர்கிறது.

பிறந்த குழந்தைக்கு நடுங்கத் தெரியாது. அதற்கென முதுகிலும் கழுத்தைச் சுற்றியும் பழுப்புக் கொழுப்பு என்னும் தனிவகைக் கொழுப்பு அமைந்துள்ளது. அது எரிந்து நேரே வெப்பத்தைத் தருகிறது. இது பெரியவர்களிடமும் ஓரளவு செயற்படுகிறது என்பது 2009-இல் உறுதியாயிற்று. குழந்தையின் உடல் சிறிது, தோற்பரப்போ எடையை நோக்கப் பெரிது. எனவே அது விரைவில் குளிர்ந்துவிடும். பிறந்தவுடன் குளிப்பாட்டாமல் 24 மணி நேரமேனும் பொறுக்குமாறு உலக சுகாதார நிறுவனம் கூறுவதன் காரணம் இதுவே. எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோலுடன் தோலாக அணைத்து வைக்கும் முறை, 1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் எட்கார் ரே என்னும் மருத்துவரால் தொடங்கப்பெற்று உலகெங்கும் பரவியது. மலையூர்களில் தாயின் உடலே சிறந்த வெப்பப் பெட்டி.

மலையகக் குளிர்காலத்தில் இரண்டு தவறுகளை விலக்க வேண்டும். ஒன்று, மது. அது தோலின் குழாய்களை விரிப்பதால் வெம்மை உண்டானதுபோல் தோன்றும். உண்மையில் உள்வெப்பம் வெளியே கசிந்துவிடும். மற்றொன்று, கதவு சன்னல்களை அடைத்த அறையில் கரியடுப்பை வைத்துக்கொண்டு உறங்குதல். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. உறங்குவோர் உறக்கத்திலேயே மடிவர்.

காய்ச்சலும் வெப்பத்தாக்கும்

உடல் சூடாயிருக்கும் இரண்டு நிலைகளைப் பிரித்தறிவது களப்பணியாளருக்கு இன்றியமையாதது. கிருமிகள் புகுந்தால், உடலின் தற்காப்பு அணுக்கள் அனுப்பும் செய்தியால் ஹைப்போதலாமஸில் புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உண்டாகிறது. அது குறிநிலையை 39 டிகிரிக்கு உயர்த்திவிட்டது எனக் கொள்வோம். இப்போது 37 டிகிரியில் உள்ள உடல் தன்னைக் குளிர்ந்ததாகவே கருதும். ஆகவே நோயாளி நடுங்குகிறார், போர்வை கேட்கிறார், கைகால்கள் சில்லிட்டிருக்கின்றன. உள்ளே வெப்பம் ஏறுகிறது. மருந்தினாலோ நோய் தணிவதாலோ குறிநிலை இறங்கியதும் வியர்த்துக் காய்ச்சல் விடுகிறது. பாரசிட்டமால் புராஸ்டாகிளாண்டினைக் குறைத்துக் குறிநிலையை இறக்குவது.

வெப்பத்தாக்கில் குறிநிலை மாறுவதில்லை. உடல் 37 டிகிரியையே விரும்புகிறது. ஆனால் வெப்பத்தை வெளியேற்ற இயலாமல் தோற்றுவிட்டது. இங்கே பாரசிட்டமால் பயன்படாது, தீங்கும் செய்யக்கூடும். வெளியிலிருந்து குளிர்விப்பதே மருத்துவம். வெயிலில் உழைத்தவர் குழறிப் பேசினாலோ, தடுமாறினாலோ, காரணமின்றிச் சினந்தாலோ, வலிப்புற்றாலோ, மயங்கினாலோ, வெப்பத்தாக்கு என்றே கொள்ள வேண்டும். தோல் வறண்டிருந்தால்தான் வெப்பத்தாக்கு என்று எண்ணிக் காத்திருத்தல் தவறு. உழைப்பின் நடுவே தாக்குண்டவரின் உடல் வியர்வையில் நனைந்தே இருக்கலாம்.

அவரை உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, இயன்றவரை ஆடைகளைக் களைந்து, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி விடாமல் விசிற வேண்டும். தொட்டியோ வாய்க்காலோ அருகில் இருந்தால் தலையை நீருக்கு மேலே தாங்கிப் பிடித்து உடலை அமிழ்த்தலாம். பனிக்கட்டி கிடைத்தால் கழுத்திலும் அக்குள்களிலும் தொடையிடுக்கிலும் வைக்கலாம். நினைவிழந்தவர் வாயில் நீர் ஊற்றலாகாது. 108 ஊர்திக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, அது வரும் வரை குளிர்வித்தலை நிறுத்தாமல் தொடர வேண்டும். மூளை எவ்வளவு நேரம் அதிவெப்பத்தில் இருந்தது என்பதைப் பொறுத்தே அவர் பிழைப்பதும், பிழைத்தபின் நலமாக இருப்பதும் அமையும்.

பழக்கப்படுதல் என்னும் பாதுகாப்பு

உடல் வெப்பத்துக்குப் பழகிக்கொள்ளும் ஆற்றலுடையது. வெயிலில் நாள்தோறும் சிறிது நேரம் உழைத்துவரின், 7 முதல் 14 நாள்களுக்குள் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. இதயத் துடிப்பு தணிகிறது. வியர்வை முன்னதாகவே தொடங்கி மிகுதியாகச் சுரக்கிறது. அதில் உப்பு குறைகிறது. குளிர்ந்த இடத்தில் சில வாரம் தங்கினால் இப்பழக்கம் அகன்றுவிடும்.

காந்தலூர் போன்ற மலையூர்களுக்கு இச்செய்தி மிகவும் முக்கியமானது. மேலே குளிர்ச்சியில் வாழ்ந்தவர் கட்டட வேலைக்கோ அறுவடைக்கோ உடுமலைக்கோ பாலக்காட்டுக்கோ பங்குனி சித்திரையில் இறங்கிச் சென்றால், அவர் உடல் வெயிலுக்குப் பழகாத உடல். அவர் உரமுள்ளவராக இருக்கலாம், மலைச் சரிவில் மூட்டை சுமந்தவராக இருக்கலாம். எனினும் வியர்வைச் சுரப்பிகளுக்கு அப்பயிற்சி இன்னும் வரவில்லை. வெயிலில் உழைப்போருள் வெப்பத்தால் இறப்பவர்களில் பெரும்பாலோர் வேலையில் சேர்ந்த முதற்சில நாள்களிலேயே இறக்கின்றனர் என்று தொழிற் சுகாதார அறிஞர் கண்டுள்ளனர். ஆதலால் புதியவருக்கு முதல் நாளில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டுமே வெயில் வேலை கொடுத்து, நாளுக்கு ஐந்தில் ஒரு பங்காக உயர்த்துக என்பது அவர்கள் வகுத்த விதி.

2024 ஏப்ரல் இறுதியில் பாலக்காடு மாவட்டத்தில் வெப்ப அலை நிலவுவதாக இந்திய வானிலைத் துறை அறிவித்தது. சமவெளியில் 40 டிகிரியும் மலைப்பகுதியில் 30 டிகிரியும் எட்டினால்தான் வெப்ப அலை என்பதை அத்துறை கருத்திற் கொள்ளும். மலையில் வாழும் உடலுக்கு 30 டிகிரியே புதிது என்பது இவ்விதியிலும் தொனிக்கிறது. கேரளத்தில் கோடைதோறும் வெட்டவெளியில் வேலை செய்வோருக்கு நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வளிக்குமாறு தொழில் துறை ஆணையிடுகிறது. கடல் மட்டத்திலிருந்து 3,000 அடிக்கு மேற்பட்ட, வெயில் தாக்குக்கு இடமில்லாத பகுதிகளுக்கு இவ்வாணையில் விலக்கு உண்டு. எனவே மலையிலிருந்து இறங்குபவர் அவ்விதியைப் பற்றிக் கேள்விப்படாமலே இருந்திருக்கக்கூடும். அவருக்கு அதை எடுத்துச் சொல்ல வேண்டியவர் மலையூரின் பணியாளரும் ஆசிரியருமே.

தமிழ்நாட்டில் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தார் 800 கர்ப்பிணிப் பெண்களைக் கொண்டு நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆய்வு, வெப்பத்தில் வேலை செய்தோருக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறத்தலும் நேரும் வாய்ப்பு இருமடங்காகிறது என்று காட்டிற்று. கருவுற்ற பெண்ணின் உடல் குழந்தையின் வெப்பத்தையும் சேர்த்தே வெளியேற்ற வேண்டியுள்ளது. முதியோருக்குத் தாக உணர்வு மங்கிவிடும்; வியர்வையும் குறையும். இதய நோயாளிகளும், சிறுநீர் பெருக்கும் மருந்து உண்போரும், சிலவகை மனநோய் மருந்துகளை உண்போரும் தனிக்கவனத்துக்கு உரியவர்.

அறிந்து முன்னேற்பாடு செய்தால் பயனுண்டு. அகமதாபாத் நகரில் 2010 மே மாத வெப்ப அலையின்போது வழக்கத்தைவிட 1,344 பேர் மிகுதியாக இறந்தனர் என்று கணக்கிடப்பட்டது. அதன்பின் 2013-இல் அந்நகரம் தென்னாசியாவிலேயே முதலாவதான வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தது. முன்னறிவிப்பு, குடிநீர்ப் பந்தல், மருத்துவருக்குப் பயிற்சி, பொதுமக்களுக்கு எச்சரிக்கை என்பனவே அதன் அங்கங்கள். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை.

வகுப்பறையில் செய்து காட்டத்தக்கவை

மூன்று பாத்திரங்களில் முறையே கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரும், சாதாரண நீரும், குளிர்ந்த நீரும் எடுத்துக்கொள்க. மாணவர் ஒருவர் ஒரு கையை வெந்நீரிலும் மறு கையைக் குளிர்நீரிலும் ஒரு நிமிடம் வைத்து, பின் இரு கைகளையும் சாதாரண நீரில் இடட்டும். ஒரே நீர் ஒரு கைக்குக் குளிர்ச்சியாகவும் மறு கைக்கு வெம்மையாகவும் தோன்றும். தோல் மாற்றத்தையே உணர்கிறது என்பது அப்போது நேரில் புலப்படும்.

அடுத்து, ஆய்வுக்கூடத்து வெப்பமானிகள் இரண்டை எடுத்து, ஒன்றன் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி, இரண்டையும் நிழலில் காற்றுப்படத் தொங்கவிடுக. இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை நாள்தோறும் குறித்து வரலாம். வேறுபாடு மிகுந்த நாளில் மண்பானை நீர் நன்கு குளிர்ந்திருக்கும். வேறுபாடு குறைந்த நாளில் உழைப்பவர் உடல் எளிதில் குளிராது. மண்பானையும் மனிதத் தோலும் ஒரே விதிக்கு உட்பட்டவை என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வர்.

அம்மாணவருள் ஒருவரின் தந்தையோ தமையனோ பங்குனி மாதத்தில் சமவெளி வேலைக்குப் புறப்படலாம். முதல் வாரத்தில் வேலையைக் குறைத்துக்கொள்ள வேண்டும், தாகம் எடுக்குமுன்பே நீர் பருக வேண்டும், கூட வேலை செய்பவர் பேச்சுக் குழறினால் உடனே அவர் மேல் நீர் ஊற்ற வேண்டும் என்னும் மூன்று செய்திகளை அந்த மாணவர் வீட்டுக்குக் கொண்டுசென்றால், இப்பாடம் தன் பயனை அடைந்ததாகும்.